ஒரே பேனாவில் மூன்று கையெழுத்து: மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய மக்களவையின் 222 உறுப்பினர்களுக்கும்,

2024 ஆகஸ்டில் நிதி அமைச்சு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஊழியர் சேமநிதி, அரசு முதலீட்டு நிறுவனங்களான கசானா, பெர்மோடாலான் நேஷனல், ஓய்வூதிய நிதியமான குவாப், ஹஜ் சேமிப்பு நிதியமான தாபோங் ஹாஜி, ராணுவத்தினர் சேமநிதி ஆகிய ஆறும் சேர்ந்து ஐந்து ஆண்டுகளில் உள்நாட்டில் 12,000 கோடி ரிங்கிட் முதலீடு செய்யும் என்றது. அது நாட்டுக்கு நல்லதாகவே முடியலாம். என் கேள்வி வேறு. இந்த ஆறிலும் கிடப்பது சம்பளத்தில் பிடித்த பணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம், பொதுப் பணம். அமைச்சு ஒரு திசையைக் காட்டும்போது, "அது சரிப்படாது" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருக்க அங்கே யாருக்குப் பாதுகாப்பு இருக்கிறது?

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு செய்தி. கசானாவும் பெர்மோடாலானும் 2018-இல் ஃபேஷன்வேலட் என்ற இணைய ஆடைக் கடையில் 4.7 கோடி ரிங்கிட் போட்டன. அந்தப் பங்குகளைக் கடைசியில் 31 லட்சத்துக்கு விற்றுவிட்டன. வியாபாரம் என்றால் நஷ்டமும் வரும், அதற்காக நான் எழுதவில்லை. இந்த அவையில் ஒரு கேள்வி எழுந்து, அதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்ததால்தான் நமக்கு அது தெரிந்தது. கேள்வி வராமல் போயிருந்தால்?

நான் பேராக் மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதில் ஒன்பது ஆண்டுகள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொருளாளர். எங்கள் சங்கக் கணக்கில் மூவாயிரம் ரிங்கிட் இருந்தாலே பெரிய விஷயம். காசோலை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஆண்டுக்கூட்டத்தில் தேர்ந்தெடுத்த கணக்காய்வாளர்கள் இருவரில் ஒருவர் லாரி ஓட்டுநர். ஒரு வருடம் வெண்கட்டி வாங்கிய 38 ரிங்கிட்டுக்கு ரசீது காணவில்லை. அந்த மனிதர் நூறு பேருக்கு முன்னால் எழுந்து, "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, ரசீது வேணும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் கடைக்குப் போய் நகல் வாங்கி வந்து ஒட்டினேன். அவர் கேட்டது சரி. அவருடைய பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படித்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2009-இல் தொடங்கிய அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் அமைப்பு விதிகளில் 117 என்று ஒரு விதி இருந்தது. நிறுவனத்தின் முக்கியமான நிதி முடிவுகளுக்கும், இயக்குநர்களை நியமிக்கவும் நீக்கவும் பிரதமரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றது அது. அப்போது பிரதமர் நஜிப் ரசாக். நிதி அமைச்சரும் அவரே. 1எம்டிபியின் ஆலோசனை வாரியத் தலைவரும் அவரே. ஆக, பங்குதாரராகக் கேட்பவர், அமைச்சராக அனுமதிப்பவர், தலைவராக ஆலோசனை சொல்பவர் மூவரும் ஒரே நாற்காலியில். மூன்று கையெழுத்து, பேனா ஒன்று. எங்கள் சங்கத்தில் இதை அந்த லாரி ஓட்டுநர் ஒரு நிமிடம்கூட அனுமதித்திருக்க மாட்டார். நாடாளுமன்றத்தின் பொது கணக்குக் குழு 2016 ஏப்ரலில் தந்த அறிக்கையில், 117-ஆம் விதியைத் திருத்தி, பிரதமர் என்று இருக்கும் இடத்தில் நிதி அமைச்சர் என்று மாற்றச் சொன்னது. அதற்குள் ஏழு ஆண்டுகள் போய்விட்டிருந்தன.

அந்த ஏழு ஆண்டுகளின் கணக்கை என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்திருந்தால்கூடத் தப்பு எங்கே என்று காட்டியிருப்பார்கள். ஒரு நிதியம் என்றால் முதலில் நிதி வேண்டும். நார்வேக்கு எண்ணெய் வருமானம் இருந்தது, சிங்கப்பூருக்குச் சேர்த்து வைத்த கையிருப்பு இருந்தது. 1எம்டிபிக்குச் செலுத்திய மூலதனம் 10 லட்சம் ரிங்கிட். 2014 மார்ச்சில் அதன் கடன் ஏறத்தாழ 4,200 கோடி ரிங்கிட். கடன் வாங்கி முதலீடு செய்த நிதியம் அது. அதை யாரும் நிதியம் என்று அழைத்திருக்கவே கூடாது.

கோலாலம்பூரில் இப்போது டிஆர்எக்ஸ் என்னும் நிதி வர்த்தக மையத்தின் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் 70 ஏக்கரை அரசாங்கத்திடமிருந்து சுமார் 19.4 கோடி ரிங்கிட்டுக்கு அது வாங்கியது. சதுர அடி 64 ரிங்கிட். 2015-இல் அதிலிருந்து 1.56 ஏக்கரைத் தாபோங் ஹாஜிக்கு 18.85 கோடிக்கு விற்றது. சதுர அடி கிட்டத்தட்ட 2,770 ரிங்கிட். அதாவது 70 ஏக்கர் வாங்கிய விலையைக் கிட்டத்தட்ட முழுவதும் ஒன்றரை ஏக்கரிலேயே எடுத்துவிட்டார்கள். கொடுத்தது யார்? மக்காவுக்குப் போக மாதம் ஐம்பது, நூறு என்று போட்டு வந்த கிராமத்து மக்கள். ஓர் அரசு நிதியத்தின் ஓட்டையை இன்னோர் அரசு நிதியத்தின் பணத்தால் அடைப்பது இப்படித்தான்.

என் பங்குக்கு வருகிறேன். எஸ்ஆர்சி இன்டர்நேஷனல் 1எம்டிபியின் துணை நிறுவனமாகத் தொடங்கியது, பிறகு நேரே நிதி அமைச்சின் கைக்கு மாறியது. 2011, 2012 ஆண்டுகளில் குவாப் அதற்கு இரண்டு தவணையாக 400 கோடி ரிங்கிட் கடன் கொடுத்தது. அரசாங்கம் அதற்கு உத்தரவாதம். அந்த நிறுவனத்திலிருந்து 4.2 கோடி ரிங்கிட் அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்று 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீடு எல்லாம் தோற்று அவர் சிறைக்குப் போனார். குவாப்புக்கு 2007-இலேயே நீங்கள் தனிச் சட்டம் இயற்றியிருந்தீர்கள் என்பதையும் கவனியுங்கள். சட்டம் இருந்தது. சட்டத்தின் தலையில் இருந்தவரைத் தடுக்கத்தான் அதில் வழி இல்லை.

2015-இல் நான் குவாப் கடனைப் பற்றி மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, எங்கள் ஊரில் அப்போது இயங்கிய ஒரு சேவை மையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு, "டீச்சர், பென்ஷன் மாசாமாசம் வருதுதானே? அப்புறம் என்ன?" என்றார். கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அவர் சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. ஓய்வு பெற்ற அரசு ஊழியரின் ஓய்வூதியம் அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. அந்தச் சுமை பெருகும்போது தாங்கிக்கொள்ள ஏற்படுத்தியதுதான் குவாப். அதனால் அந்த மாதம் எனக்கு ஒரு காசும் குறையவில்லை. வங்கியில் திருட்டுப் போனால் வாடிக்கையாளர் மறுநாளே வாசலில் நிற்பார். அரசு நிதியத்தில் போனால் எந்த நாளிலும் யாருக்கும் வலிக்காது. பதினைந்து வருடம் கழித்து எங்கோ ஒரு மருத்துவமனையில் தாதியர் பற்றாக்குறையாக, ஒரு பள்ளியில் ஒழுகும் கூரையாக அது வரும். அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இருக்க மாட்டார்கள்.

அதே 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கும் 1எம்டிபிக்கும் நேரடித் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கடைக்காரரிடம் சில்லறைக்கு வாதாடிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒருவருடைய கணக்கில் 260 கோடி ரிங்கிட் விழுந்தது என்று ஜூலையில் செய்தி படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த இரண்டும் ஒரே ஞாபகமாகத்தான் நிற்கிறது.

அந்த 260 கோடி எப்படி வந்தது? 2012, 2013-இல் மூன்று முறை கடன் பத்திரம் விற்று 650 கோடி டாலர் திரட்டினார்கள். விற்றுக்கொடுத்த அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மேன் சாக்ஸ் சுமார் 60 கோடி டாலர் கட்டணமாக எடுத்துக்கொண்டது. மூன்றாவது பத்திரம் 2013 மார்ச்சில், 300 கோடி டாலருக்கு. அதற்கு நம் அரசாங்கம் கொடுத்தது உத்தரவாதம் இல்லையாம், "ஆதரவுக் கடிதம்" மட்டும்தானாம். பெயர் மாறியதால் அது அரசாங்க உத்தரவாதங்களின் பட்டியலில் ஏறவில்லை, இந்த அவைக்கும் வரவில்லை. கையெழுத்திட்டவர் நிதி அமைச்சர். பத்திரம் விற்ற அதே மாதத்தில் 68.1 கோடி டாலர் அவர் கணக்கை வந்தடைந்தது. மே 5-ஆம் தேதி பொதுத்தேர்தல். உத்தரவாதம் இல்லை என்ற அந்தப் பத்திரம் 2023 மார்ச்சில் முதிர்ந்தபோது பணத்தைக் கட்டியது யார் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் இரண்டு பத்திரங்களில் இன்னும் ஒரு வேடிக்கை. அவற்றுக்குப் பக்கபலமாக நின்றது அபுதாபி அரசின் ஐபிஐசி நிதியம். அதற்குப் பிரதியாக அதன் துணை நிறுவனமான ஆபாருக்குப் பணம் போக வேண்டும். போனது. ஆனால் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் கிட்டத்தட்ட அதே பெயரில் பதிவான வேறொரு நிறுவனத்துக்கு. அது எங்களுடையதே அல்ல என்று 2016-இல் ஐபிஐசி சொல்லிவிட்டது. இரண்டு நாட்டு அரசு நிதியங்கள், நடுவில் பெரிய பெரிய வங்கிகள். பெயர்ப்பலகை ஒன்றா இரண்டா என்று யாரும் சரிபார்க்கவில்லை.

கணக்காய்வாளர்கள்? முதலில் வந்த எர்ன்ஸ்ட் அண்ட் யங் கணக்கை முடிக்காமலே போனது. அடுத்து வந்த கேபிஎம்ஜி மூன்று ஆண்டுக் கணக்குகளில் கையெழுத்திட்டது. கேமன் தீவுகளில் இருப்பதாகச் சொன்ன முதலீட்டைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கியதும் 2013 இறுதியில் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது டெலாய்ட். ஐந்து வருடத்தில் மூன்று கணக்காய்வாளர்கள் மாறினால் எந்த ஆண்டுக்கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழுந்திருப்பார். இங்கே எழுந்தவர்களுக்கு என்ன ஆனது என்பது தெரிந்ததே. 2015 ஜூலையில் சட்டத்துறைத் தலைவரின் பதவி போனது, துணைப் பிரதமரின் பதவி போனது, தி எட்ஜ் பத்திரிகைக்கு மூன்று மாதத் தடை. தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை அதிகாரத்துவ ரகசியச் சட்டத்துக்குள் போய் 2018 மே வரை பூட்டிக் கிடந்தது.

1எம்டிபி விவகாரத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2016 மே மாதத்தில் சுவிஸ் வங்கியான பிஎஸ்ஐயின் சிங்கப்பூர் நிறுவனத்தையே மூடியது, அக்டோபரில் ஃபால்கன் வங்கியின் கிளையை. அமெரிக்க நீதித்துறை ஜூலையில் சொத்துப் பறிமுதல் வழக்குப் போட்டது. 450 கோடி டாலருக்கு மேல் சூறையாடப்பட்டது என்பது 2017-இல் அவர்கள் போட்ட கணக்கு. சுவிட்சர்லாந்திலும் விசாரணை நடந்தது. நம் பணம் களவு போனதை நமக்கு முதலில் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒரு மலேசியருக்கு இதைவிடக் கூச்சம் வேறு உண்டா?

சரி, உலக அளவில் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. 2007 கடைசியில் அபுதாபி நிதியம் சிட்டி குழுமத்தில் 750 கோடி டாலர் போட்டது, சீனாவின் நிதியம் மோர்கன் ஸ்டான்லியில் 500 கோடி, சிங்கப்பூரின் தெமாசெக் மெரில் லிஞ்சில் 440 கோடி. அந்நிய அரசுகள் நம் வங்கிகளை வாங்கி அரசியல் செய்யுமோ என்று மேற்கத்திய நாடுகள் மிரண்டன. அந்த மிரட்சியில்தான் பன்னாட்டு நாணய நிதியத்தின் உதவியோடு 2008-இல் சாந்தியாகோ கொள்கைகள் என்று 24 எழுதப்பட்டன. நல்ல வரிகள் உண்டு: பொறுப்புகள் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்காய்வு வேண்டும், அன்றாட நிர்வாகம் உரிமையாளரின் தலையீடு இல்லாமல் நடக்க வேண்டும். ஆனால் எல்லாம் விருப்பத்தின் பேரில். பின்பற்றினோமா என்ற அறிக்கையையும் நிதியங்கள் தாங்களே எழுதிக்கொள்கின்றன. மாணவனே தேர்வெழுதி மாணவனே திருத்திக்கொள்ளும் பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை.

அந்தக் கொள்கைகள் முக்கியமாகத் தணித்தது, முதலீடு வந்து சேரும் நாட்டின் பயத்தை. பணத்துக்குச் சொந்தக்காரர்களான எங்கள் பயம் பின்வரிசையில்தான் உட்கார்ந்தது. அந்தக் கொள்கைகளை ஏற்ற நிதியங்களின் பன்னாட்டு அமைப்பில் கசானா உறுப்பினர். 1எம்டிபி உறுப்பினராகவே இருந்ததில்லை, அதைக் கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. நார்வேயைப் பாருங்கள். அந்த நிதியத்தின் சட்டம் அவர்கள் நாடாளுமன்றம் இயற்றியது. எந்த நாட்டில் எந்த நிறுவனத்தில் எவ்வளவு பங்கு என்பதை வீட்டில் இருந்தபடி யாரும் இணையத்தில் பார்க்கலாம். சரவாக் காடுகளை வெட்டிய விதம் பிடிக்கவில்லை என்று 2010-இல் சம்லிங் குளோபல் பங்குகளை அவர்கள் விலக்கினார்கள். ஒஸ்லோவில் இருப்பவர்கள் சரவாக்கில் மரம் விழுவதைக் கவனித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நாம் நம் அரசாங்கம் அமர்ந்திருக்கும் புத்ராஜெயாவைக் கவனிக்கவில்லை.

2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். கோல்ட்மேன் சாக்ஸ் 2020-இல் மலேசியாவுடன் செய்த உடன்பாட்டில் 250 கோடி டாலர் ரொக்கமாகத் தர ஒப்புக்கொண்டது. உள்நாட்டு வங்கியான அம்பேங்கும் கணக்காய்வு நிறுவனங்களும் பணம் கட்டின. 2023-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2024-இல் கணக்காய்வுச் சட்டத்தைத் திருத்தி, அரசாங்க உத்தரவாதம் பெற்ற நிறுவனங்களுக்குள்ளும் தலைமைக் கணக்காய்வாளர் நுழைய வழி செய்தீர்கள். அதற்குக் கைதட்டுகிறேன்.

ஆனால் நோயின் வேர் அப்படியே இருக்கிறது. நான் இதை எழுதும்போதும் பிரதமரும் நிதி அமைச்சரும் ஒருவரே. கசானாவின் தலைவரும் அவரே. இப்போது இருப்பவர் மீது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, தயவுசெய்து இதை அப்படித் திரிக்காதீர்கள். 2009-இலும் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கசானாவும் பெர்மோடாலானும் 1எம்டிபியைப் போலவே கம்பெனிகளாகப் பதிவானவை. நாளைக்கு ஓர் அமைச்சர் இன்னொரு 117-ஆம் விதியை எழுதினால் அதைத் தடுக்கும் சட்டப் பிரிவு எது என்று உங்களில் யாராவது எனக்குக் காட்ட முடியுமா?

2018 மே மாதத்தில் தாபோங் ஹராப்பான் என்று நாட்டுக் கடனைத் தீர்க்க நிதி திரட்டினீர்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். நானும் 200 ரிங்கிட் போட்டேன். மொத்தம் 20 கோடி ரிங்கிட்டுக்குச் சற்று மேல் சேர்ந்தது. 1எம்டிபியின் முன்னோடியான திரங்கானு முதலீட்டு ஆணையம் 2009-இல் வெளியிட்ட 500 கோடி ரிங்கிட் பத்திரம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆண்டுக்கு 5.75 விழுக்காடு. போட்டுப் பாருங்கள்: 28.75 கோடி. நாடு முழுக்க உடைந்த உண்டியல்கள் அந்த ஒரு பத்திரத்தின் ஓராண்டு வட்டிக்குக் காணாது. அது முதிர்வது 2039-இல். என் பேத்தி இப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். அவள் பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது அது முடியும்.

நான் கேட்பவை ஐந்து.

அரசுக்குச் சொந்தமான முதலீட்டு நிதியங்கள் அனைத்துக்கும், கம்பெனியாகப் பதிவானவை உட்பட, ஒரே சட்டம் கொண்டுவாருங்கள். பிரதமரோ நிதி அமைச்சரோ எந்த நிதியத்திலும் தலைவராகவோ ஆலோசகராகவோ இருக்கக் கூடாது, தனிப்பட்ட முதலீட்டு முடிவுகளில் அவர்களுக்கு ஒப்புதல் அதிகாரம் தரும் எந்த விதியும் செல்லாது என்று அதில் எழுதுங்கள். பிரதமரே நிதி அமைச்சராக இருப்பதையும் சேர்த்துத் தடை செய்யுங்கள்.

இரண்டாவது, உத்தரவாதம், ஆதரவுக் கடிதம், எந்தப் பெயரில் எழுதினாலும் சரி, அரசாங்கத்தின் பணத்தைப் பணயம் வைக்கும் ஒவ்வொரு தாளும் கையெழுத்தாகும் முன் இந்த அவைக்கு வர வேண்டும். வராத தாள் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று சட்டத்தில் இருந்தால், வெளிநாட்டு வங்கிகள் தாமாகவே வந்து உங்களிடம் விசாரிக்கும்.

மூன்றாவது, நிதியங்களின் முதலீடுகள், அவற்றுக்கு வெளிநாட்டில் இருக்கும் துணை நிறுவனங்கள், விற்றதில் வந்த லாப நஷ்டம் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பட்டியலாக வெளிவர வேண்டும். கணக்காய்வாளர் மாறினால் காரணம் 30 நாளுக்குள் பொது கணக்குக் குழுவுக்குப் போக வேண்டும்.

நான்காவது, இந்த நிதியங்கள் குறித்த தலைமைக் கணக்காய்வாளரின் எந்த அறிக்கைக்கும் அதிகாரத்துவ ரகசியச் சட்டம் பொருந்தாது என்று திருத்துங்கள்.

ஐந்தாவது, சாந்தியாகோ கொள்கைகளைச் சுயமதிப்பீட்டில் விடாமல் வெளியார் பரிசோதிக்க வேண்டும் என்றும், ஒரு நாட்டின் எல்லா அரசு நிதியங்களும் அதில் அடங்க வேண்டும் என்றும் கசானா மூலமாக அந்தப் பன்னாட்டு அமைப்பில் மலேசியா தீர்மானம் கொண்டுவர வேண்டும். இதைக் கேட்க நம்மைவிட அதிக உரிமை உள்ள நாடு எது?

இந்த ஐந்துக்கும் தனித்தனியாக, ஆம் அல்லது இல்லை என்று, எழுத்தில் பதில் வேண்டும். 2015-இல் சேவை மையத்தில் கொடுத்த கடிதத்தின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பேராக்